பிரஸ் வாங்கும் வரைக்கும்

அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கியதற்குக் காரணம் ஒரு பிரஸ் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பிரஸ் வாங்கும் வரைக்கும் இருப்பாள், வாங்கியதும் பங்காருபேட்டைக்கே போய்விடுவாள் என்று அம்மா சாதம் வடித்துக்கொண்டே சொன்னாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பெரியவர்கள் ஒரு காரணம் சொன்னால் அதுதான் முழுக் காரணம் என்று நம்புகிற வயது.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பங்காருபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மாமாவுக்கு அதே ஊரில் இரும்புச் சாமான் கடை. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது அத்தை துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கூடப் படித்தவர்கள் கல்யாணத்தோடு அதை மறந்துபோனார்கள். அத்தை மறக்கவில்லை. பெங்களூரில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக ஒரு ரைஃபிளும் வாங்கி, சில ஞாயிற்றுக்கிழமைகளில் சபை ஆராதனைக்குப் போகாமல் ரேஞ்சுக்குப் போனாள். வெகுதூரத்தில் பொட்டுபோலத் தெரியும் கறுப்பு வட்டத்தைக் குப்புறப் படுத்துக்கொண்டு சுட வேண்டும். அதற்கான தோட்டா வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுலபத்தில் கிடைக்காது. அதனால் அனுமதி வாங்கிய விளையாட்டுக்காரர்கள், சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, சரிசெய்து, மறுபடி நிரப்பிக்கொள்வார்கள். அந்த அனுமதிக்காக அத்தை எத்தனையோ ஆபீஸ் படியேறி, கடைசியில் வாங்கிவிட்டிருந்தாள். மிச்சம் இருந்தது பிரஸ்தான். மேசையில் பொருத்தி, கைப்பிடியை இழுத்து அழுத்துகிற ஓர் இரும்பு யந்திரம். அதற்குள் மாட்டுகிற அச்சுக்கு டை என்று பேர்.

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் அவள் வந்து இறங்கியபோது கையில் இரண்டு பை, ஒரு நீளக் கறுப்புப் பெட்டி. பெட்டி நேராக அம்மாவின் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டது. பைகள் என் அறைக்கு வந்தன. அத்தை என் கட்டிலுக்கு வந்தாள். மறுநாள் என் புத்தகங்கள் மேசையிலிருந்து இறங்கி அரிசி டின்மேல் ஏறின. தங்கச் சுரங்கத்தை மூடி மைன்ஸ் ஆபீஸ் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா எடுத்த மேசை அது. கெட்டிப் பலகை, இரும்புக் கால். பிரஸ்ஸின் இழுப்பைத் தாங்குகிற மேசை வீட்டில் அது ஒன்றுதான் என்று முடிவானது.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வெடிமருந்து வீட்டுக்குள் வரக்கூடாது. "மருந்தெல்லாம் கிளப்புலதான் அண்ணி இருக்கும். இங்க வெறும் இரும்புதான்" என்றாள் அத்தை. அம்மா தலையாட்டினாள். ஆனாலும் அன்றிலிருந்து ஊதுபத்தியைக்கூட என் அறையில் கொளுத்த விடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, பிரஸ் வரப்போகிறது என்று என்னிடமிருந்து கேள்விப்பட்டு, கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுப்பீர்களா என்று அத்தையிடம் விசாரித்தாள். அத்தை இல்லை என்றதும் நான் உதவிக்குப் போய், பிரஸ் மட்டும் இல்லை, டையும் வாங்கப்போகிறோம் என்றேன். அக்கா அத்தையின் தலைமுடியை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு நரைகூட இல்லையே, அதற்குள் எதற்கு டை என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அத்தை சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மற்றபடி அவள் ஓர் இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூள் காற்றில் வந்து கதவிடுக்கெல்லாம் படிகிற மாதங்கள் அவை. அம்மா ஜன்னல்களைச் சாத்துவாள், அத்தை திறப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து ரயிலில் திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையை அளப்பாள். நேற்று அளந்த மேசைதான். கேட்டுக்குப் போவாள், தெருவைப் பார்ப்பாள், திரும்பி வந்து போனில் வீடியோ போடுவாள். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் கராஜில் நின்றுகொண்டு கைப்பிடியை இழுத்துக் காட்டுவார்கள். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி கேட்டுக்குப் போவாள். ராத்திரி என் பக்கத்தில் படுத்தால் கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும்.

பிரஸ்ஸில் மூன்று வகை. ஒன்று சிவப்பு நிற அலுமினியம், லேசானது, மேசையில் கிளாம்ப் போட்டு மாட்டிவிட்டு வேலை முடிந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று பச்சை நிற வார்ப்பிரும்பு, ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் செய்யும், மேசையைத் துளைத்து போல்ட் போட வேண்டும். மூன்றாவதன் தலை சுழலும். நாலு டைகளை ஒன்றாக மாட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொள்ளலாம். காலையில் வார்ப்பிரும்பு என்று முடிவு செய்வாள். சாயங்காலம் அலுமினியம். அடுத்த நாள் எதுவுமே வேண்டாம், எல்லாம் வீண் வேலை என்பாள்.

அப்பா பெங்களூரில் ஒரு மெஷின் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருந்தார். விடியும் முன்னே ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வருவார். வரும்போது ஆபீஸில் பிரிண்ட் எடுத்த தாள்களோடு வருவார். வார்ப்பிரும்பைத் தவிர வேறு எதையும் அவர் மதிக்கவில்லை. அலுமினியம் காலப்போக்கில் ஆடும், ஆடுகிற யந்திரத்தில் அளவு நிற்காது என்பார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நாளைக்கு எடுத்துகினு போவணும்னா எப்டிண்ணா தூக்கறது?" என்பாள். எங்கே எடுத்துக்கொண்டு போவாய் என்று அப்பா கேட்கமாட்டார். தாள்களை மடித்து வைப்பார்.

டை விஷயம் இன்னும் மோசம். சுடும்போது உறை கொஞ்சம் உப்பிவிடுமாம். அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவருவதுதான் டையின் வேலை. உறை முழுவதையும் புதிதுபோல ஆக்கும் டை ஒன்று, கழுத்தை மட்டும் சரிசெய்யும் டை ஒன்று. "கழுத்த மட்டும் பண்ணா என் துப்பாக்கிக்கு மட்டும்தான் சேரும். குறி நல்லா விழும்னு சொல்றாங்க. முழுசா பண்ணா எதுல வேணா போவும்." இதைச் சொல்லிவிட்டு அத்தை அப்பாவின் முகத்தையே பார்த்தாள். முழுசாகவே வாங்கிவிடு, எதற்கும் இருக்கட்டும் என்றார் அப்பா. அத்தை எழுந்து கேட்டுக்குப் போனாள்.

இந்த வேகத்தில் போனால் என் மேசை எனக்குக் கிடைக்க நான் ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டும் என்று தோன்றியது.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதையும் நான் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன். ஒருநாள் அடுப்படியில் அம்மா தாழ்ந்த குரலில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எட்டு வருஷமாச்சு. இன்னும் ஒண்ணும் ஆவலன்னா அந்தம்மா பேசத்தான் செய்வாங்க. அதுக்குன்னு துப்பாக்கி மேல பழி போட்டா?" அந்தம்மா என்றால் அத்தையின் மாமியார். துப்பாக்கி தோளில் உதைக்கிற உதை உடம்புக்குள்ளே போகிறது, அதனால்தான் எதுவும் தங்குவதில்லை என்று அவர் சபையில் நாலு பேர் கேட்கச் சொன்னாராம். மாமா மறுத்துப் பேசவில்லை. அதோடு நிற்காமல், அத்தைக்குத் தெரியாமல் பெங்களூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்காரரிடம் ரைஃபிளை விற்கப் பேசியும் முடித்துவிட்டார். லைசென்ஸ் நகல் கேட்டுக் கடைக்காரர் அத்தைக்கே போன் செய்ததில் விஷயம் வெளியே வந்தது.

இதில் கடைக்காரர் போன் செய்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. மற்றதை நானாக இட்டு நிரப்பிக்கொண்டேன். எட்டு வருஷமாக அத்தை பிரஸ் வாங்கப் பார்க்கிறாள், ஆகவில்லை. துப்பாக்கியில் ஏதோ கோளாறு இருப்பதால் அதற்குப் பொருத்தமான பிரஸ் அமையவில்லை. மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கும்தான் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வருவார். பேக்கரியிலிருந்து வர்க்கி வாங்கி வருவார். முன்னறை நாற்காலியின் நுனியில், ரயிலைத் தவறவிடப் போகிறவர்போல உட்கார்ந்திருப்பார். அத்தை எதிரே நிற்பாள். உட்கார மாட்டாள். இருவரும் பிரஸ்ஸைப் பற்றி மட்டும் பேசுவார்கள். சுழல்கிற தலை உள்ளதுதான் சௌகரியம், ஒரு தடவை செட் செய்தால் போதும் என்பார் மாமா. எனக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும் என்பாள் அத்தை. எது வேண்டுமென்று சொன்னால் தானே வரவழைத்துவிடுவதாக மாமா சொல்வார். நீங்கள் எதையும் வரவழைக்க வேண்டாம், இதுவரை செய்ததே போதும் என்பாள் அத்தை. கடையில் ஆணி கேட்டு வந்தவரிடம் பேசுவது போன்ற குரல். அம்மா டீ கொண்டுவந்து வைப்பாள். அது ஆடை கட்டும் வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள்.

பிறகு மாமா எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். அம்மாவின் போனில்தான், அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான். அத்தை சாப்பிடுகிறாளா, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்பார். கடைசியில் பிரஸ் விஷயத்துக்கு வருவார். எதை அதிகமாகப் பார்க்கிறாள்? பச்சையா, சிவப்பா? நான் யோசிக்கவே இல்லை. "பச்ச மாமா. இரும்புது. ஓட்ட போட்டு மாட்றது" என்றேன். உண்மையில் அந்த வாரம் அவள் எதையும் பார்க்கவில்லை. மேசையில் துளை போட்டுவிட்டால் பிறகு மாற்ற முடியாது, காரியம் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. டை எந்த மாதிரி என்று கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு லீவாக இருந்த ஒரு சனிக்கிழமை மதியம் மாமா அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முழு டை ஒன்று, கழுத்து டை ஒன்று. எது வேண்டுமோ அவள் எடுத்துக்கொள்ளட்டும், மற்றதைத் திருப்பிவிடலாம், கடைக்காரரிடம் பேசியாகிவிட்டது என்றார்.

அத்தை கதவருகில் நின்று பார்த்தாள். பச்சை யந்திரம், அத்தனை எண்ணெய்ப் பளபளப்போடு. அவள் முகம் மலரும் என்று நான் காத்திருந்தேன்.

"யாரு கேட்டா உங்கள?" என்றாள். அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மாமா கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, ஆண்கள் எதுவும் பேச முடியாதபோது செய்கிற காரியத்தைச் செய்தார், ஸ்பானர் கேட்டார். அப்பா டிரில்லிங் மெஷினைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் குனிந்து, அளந்து, என் மேசையைத் துளைத்தார்கள். மரத்தூள் என் அரிசி டின்மேல் விழுந்தது. போல்ட் இறுகிய பிறகு பிரஸ் மலைபோல நின்றது. மாமா கழுத்து டையைத் திருகி மாட்டினார். ஜன்னல் ஓரத்தில் அத்தை வைத்திருந்த டப்பாக்களில் ஒன்றைத் திறந்து பளபளப்பான உறை ஒன்றை எடுத்தார்.

"வேணாம் மாப்ள, அவ வரட்டும்" என்றார் அப்பா.

"ஒண்ணே ஒண்ணு மச்சான். வேல செய்தான்னு பாத்துடலாம். அப்புறம் கூப்புடலாம்."

உறையின் அடியில், தீபாவளித் துப்பாக்கிக்குப் போடும் கேப் மாதிரி ஒன்று இருக்கும். வெடித்துத் தீர்ந்த அந்தக் கேப்பை டைக்குள் இருக்கும் ஊசி குத்தித் தள்ளிவிட வேண்டும். மாமா கைப்பிடியை இழுத்தார். நின்றது. இன்னும் அழுத்தினார். வருஷக்கணக்காக இரும்போடு புழங்கிய கை. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பெரிய சத்தம்கூட இல்லை. ஆனால் அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் ஓசை நின்றுவிட்டது.

அத்தை ஈரக்கையோடு வந்தாள். உறையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள். பிறகு மாமாவின் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

"இது என்னுது இல்ல. கிளப்புல வேற யாரோ சுட்டது. இதுல நடுவுல ஓட்ட கெடையாது, ஓரமா ரெண்டு சின்ன ஓட்டதான். எவ்ளோ அமுக்கினாலும் ஊசி போவாது. அதுக்குத்தான் தனியா எடுத்து வெச்சேன்." குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்த கேட்டுட்டு செஞ்சிருக்கலாம் இல்ல? எப்பவும் ஒரு வார்த்த."

மாமா டையைக் கழற்றினார். ஒடிந்த ஊசித்துண்டு மேசையில் விழுந்தது. அதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவையும் அப்பாவையும் என்னையும் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

அத்தை டைப் பெட்டியை மூடினாள், திறந்தாள். கேட்டுக்குப் போனாள், வந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். அவள் ஜன்னல் சாத்தி நான் பார்த்ததே இல்லை. அப்புறம் வீட்டில் போடுகிற ரப்பர் செருப்போடு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் போனாள். பின்னாலேயே அம்மா என்னை விரட்டினாள். மாமா பையை மறந்துவிட்டார், கொண்டுபோய்க் கொடு என்றாள்.

சாம்பியன் ஸ்டேஷனில் அந்த நேரத்துக்கு அதிகக் கூட்டம் இருக்காது. பிளாட்பாரக் கடைசியில் சிமெண்ட் பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். அத்தையும் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காரலாம். நான் பின்பக்கமாகப் போனதால் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. மாமாவின் கை விரிந்திருந்தது. அதில் ஊசித்துண்டு. அவர் அதைப் பார்த்தே பேசினார்.

"வேலூர் போயி காட்டினேன். கிறிஸ்மஸுக்கு முன்னாடியே. கொற உங்கிட்ட இல்ல, எங்கிட்டதான்." ஊசித்துண்டை விரலால் புரட்டினார். "தெரிஞ்சுதான் வாய மூடிகினு இருந்தேன்."

அத்தை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக ஆடிக்கொண்டே இருந்த அவள் கால் அசையாமல் இருந்தது. வண்டி வந்து நின்றது. மாமா எழவில்லை. அத்தை அவர் உள்ளங்கையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு, "ஏறுங்க, நேரமாச்சு" என்றாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். பையை வாங்கி ஜன்னல் வழியாக அவரிடம் கொடுத்தாள். வண்டி நகர்ந்த பிறகும் மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபடியே போனார்.

நான் முன்னால் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை, மாமா பிரஸ்ஸை வேலூருக்குக் கொண்டுபோய் யாரிடமோ காட்டியிருக்கிறார், ஊசி உடைந்தது தன் குறைதான் என்று ஒத்துக்கொண்டார் என்றேன். அம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்தாள். அவர் சொன்னதை அப்படியே மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை யாராவது மடியில் வைப்பார்களா? எனக்கு வெட்கமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லாதே, பக்கத்து வீட்டு அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லாதே என்றாள். ஊசி உடைந்த விஷயத்தில் என்ன ரகசியம் என்று நினைத்தாலும் தலையாட்டினேன்.

அத்தை உடனே போகவில்லை. மழைக்காலம் முடியும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். புது ஊசியைத் தானே எழுதிப்போட்டு வரவழைத்தாள். கழுத்து டையை எடுத்துக்கொண்டு முழு டையைத் திருப்பி அனுப்பினாள். மாமா தன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினார் என்றும், அந்தம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை என்றும், பிறகு யாரிடமும் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை என்றும் பின்னாளில் கேள்விப்பட்டேன். அந்த வருஷம் அத்தை போட்டியில் பரிசு எதுவும் வாங்கவில்லை. ஆனால் மாமா பெங்களூருக்கு வந்து, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். அதற்கப்புறம்தான் பங்காருபேட்டையில் கடைக்குப் பின்னால் ஒரு தனி வீடு பிடித்தார்கள். அப்பா போல்ட்டுகளைக் கழற்றினார்.

ஆனால் ஊசி உடைந்த மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அத்தை எனக்குச் சபைக்குப் போகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வழக்கமாகப் பாதியில் எழுந்து போகிறவள், அன்றைக்கு நிதானமாக வகிடு எடுத்தாள். அவள் மனம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் மாமாவுக்காகப் பேசினேன்.

"மாமா பாவம் அத்த. ஒரு ஊசிக்காவ வேலூர் வரைக்கும் போயி காட்டிகினு வந்திருக்காரு. மொதல்லயே உங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நீ இங்கியே பாத்து சொல்லியிருப்ப இல்ல?"

சீப்பு என் தலையில் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கப் போனேன். அத்தை என் தலையைப் பிடித்து முன்பக்கமே திருப்பி வைத்தாள்.

"ஆமா. மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பெரியவர்கள் பேச்சில் நான் முதல்முறையாகச் சரியான ஒன்றைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில், தலை வலிக்கும்படி அவள் இறுக்கிப் பின்னியதைப் பற்றிக்கூட நான் குறை சொல்லவில்லை. இனி ஊசி வந்துவிட்டால் போதும், அடுத்த வாரமே என் மேசை எனக்கு என்று நினைத்துக்கொண்டு சபைக்குக் கிளம்பினேன்.